பூஸ்டர் போட்டும் வைஃபை சரியாகவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் வீடு. முன்பக்கம் கான்கிரீட் கட்டடம், பின்னால் தாத்தா காலத்துக் கல் வீடு, அதையும் தாண்டினால் மாந்தோப்பு. இந்த மூன்று இடத்திலும் ஒரே ரௌட்டரை வைத்து நெட் வரவைத்துவிட வேண்டும் என்று பெரிய ஆன்டெனா, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர், ரௌட்டர் அனுப்பும் சக்தியைப் பெருக்குகிற, மேலே 2 வாட் என்று எழுதியிருந்த பூஸ்டர் என எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் சொந்தக்காரர்கள் வீடு, அக்கம்பக்கத்து வீடு என்று போய் இதே பிரச்சினையைப் பலமுறை பார்த்தாயிற்று. நிறைய வீடுகளில் சிக்னலைக் கூட்டினால் போதும் என்று நினைத்துக் கூட்டியிருந்தார்கள், கூட்டியதாலேயே புதிதாக ஒரு கோளாறு சேர்ந்திருந்தது. அந்தப் பணத்தை இன்னொருவர் வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம், ஆனால் அதற்கு முன்னால் இந்த இரண்டு சோதனையையும் செய்துவிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டிய இரண்டு சோதனை

குறை வைஃபையில் இருக்கிறதா, வீட்டுக்குள் வருகிற நெட்டிலேயே இருக்கிறதா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு லேப்டாப்பை லேன் கேபிளால் ரௌட்டரில் நேராகச் செருகி வேகத்தைப் பாருங்கள். லேப்டாப் இல்லையென்றால் ரௌட்டர் இருக்கிற அதே அறையில், ஒரு இரண்டு மீட்டர் தள்ளி நின்று, போனை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் (ரௌட்டர் தருகிற 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசையில் வேகமானது) இணைத்துப் பாருங்கள். அங்கேயே வேகம் இல்லையென்றால் சிக்னலைக் கூட்டி ஒரு பயனும் கிடையாது. பைபர் இணைப்பாக இருந்தால் பாக்ஸில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பாக்ஸின் செட்டிங்ஸ் பக்கத்தில் உள்ளே வரும் ஒளியின் அளவும் இருக்கும், அது மைனஸ் 27 டிபிஎம்முக்கும் (டிபிஎம் என்பது சக்தியை அளக்கிற அலகு) கீழே இறங்கியிருந்தால் ஒயர் எங்கோ மடங்கியிருக்கலாம், இணைப்பு முனையில் அழுக்கு இருக்கலாம். கேபிள்காரரைக் கூப்பிடுங்கள், வைஃபையைத் தொட வேண்டாம்.

இரண்டாவது, போனில் தெரிகிற கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டால் சிக்னலை டிபிஎம் அளவில் காட்டும். எல்லாமே மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வர நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும், மைனஸ் 75 போனால் தடுமாறும், மைனஸ் 80க்குக் கீழே இணைந்திருப்பது போலக் காட்டுமே தவிர வேலை நடக்காது. இரண்டு டிபிஎம் எண்ணுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை டிபி என்பார்கள், 3 டிபி கூடினால் சக்தி இரண்டு மடங்கு, 10 டிபி கூடினால் பத்து மடங்கு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிற எல்லாக் கணக்குக்கும் அது போதும். வீட்டில் நீங்கள் வழக்கமாக உட்காருகிற இடங்களில் எல்லாம் நின்று இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

கோடு முழுதாக இருக்கிறது, ஆனால் நான் பேசுவது எதிரே இருப்பவருக்குக் கேட்கவில்லை

பூஸ்டர் போட்டவர்கள் வீட்டில் முதலில் தெரிவது இதுதான். பூஸ்டர் மாட்டிய அன்று சாயங்காலமே பின்கட்டிலிருந்து அம்மா கூப்பிட்டார், "கண்ணு, கோடெல்லாம் புல்லாதான் இருக்குது, அவங்க பேசறதும் கேக்குது, நான் பேசறதுதான் அவங்களுக்கு விட்டு விட்டுக் கேக்குதாம்." அன்றைக்கு எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் மைக்கில் கூப்பிட்டால் ஏரிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவருக்கும் கேட்டுவிடும். அவர் அங்கிருந்து "என்னாங்க" என்று பதில் கொடுத்தால் கோயிலில் இருப்பவருக்குக் கேட்குமா? கேட்காது, ஏனென்றால் அவர் கையில் மைக் இல்லை. ரேடியோ பெட்டி என்றால் கேட்டால் போதும், வைஃபையில் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் போன் "வந்தது" என்று பதில் அனுப்பியாக வேண்டும், அந்தப் பதில் ரௌட்டருக்குக் கேட்கவில்லை என்றால் ரௌட்டர் அதே துண்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

எண்ணாகவே பார்ப்போம். சாதாரண வீட்டு ரௌட்டர் 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட் அளவில் அனுப்புகிறது என்று வையுங்கள். போன் பேட்டரியில் ஓடுவது, அதனால் அது 15 டிபிஎம், ஏறக்குறைய 30 மில்லிவாட்தான் அனுப்பும். இடையில் இருக்கிற சுவரும் தூரமும் சேர்ந்து 95 டிபி தின்றுவிட்டால், போனுக்கு ரௌட்டர் மைனஸ் 75இல் கேட்கிறது, ரௌட்டருக்குப் போன் மைனஸ் 80இல் கேட்கிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிலைமை. இப்போது 2 வாட் பூஸ்டர் போட்டால் அனுப்பும் சக்தி 33 டிபிஎம் ஆகிறது. போனுக்கு ரௌட்டர் மைனஸ் 62இல் கேட்கும், கோடு எல்லாம் நிறைந்துவிடும். ஆனால் ரௌட்டருக்குப் போன் இன்னும் அதே மைனஸ் 80இல்தான் கேட்கிறது. சில பூஸ்டர்கள் வருகிற சிக்னலையும் பெருக்குகிறோம் என்று சொல்லும், பெருக்கும்தான், ஆனால் கூடவே வருகிற இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு தூக்கலாக நிற்கிறது என்பதுதான் கணக்கு, அந்த இடைவெளி பெரிதாக மாறாது.

இதை உறுதி செய்ய ஒரே ஒரு வேகச் சோதனை போதும். பின்னறையில் நின்று பாருங்கள், இறக்கம் (டவுன்லோட்) 40 எம்பிபிஎஸ் என்று வந்து ஏற்றம் (அப்லோட்) 1 அல்லது 2 என்று வந்தால் நோய் இதுவேதான். பைபர் திட்டங்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே வேகம் தருவார்கள், அதனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வழி என்ன என்றால், பூஸ்டரைக் கழற்றிவிட்டு, போன் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் காது ஒன்றைக் கொண்டு போக வேண்டும், அதாவது ஒயரில் வருகிற நெட்டை அங்கேயே வைஃபையாகக் கொடுக்கிற ஆக்சஸ் பாயிண்ட் என்ற பெட்டியை வைக்க வேண்டும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

சட்டமும் இதில் இருக்கிறது. நம் நாட்டில் 2.4 ஜிகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005இல் கொடுத்த அனுமதியில், கருவி அனுப்பும் சக்தி 1 வாட்டுக்குள்ளும், ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 4 வாட்டுக்குள்ளும், அதாவது 36 டிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். ஆன்டெனாவின் பலத்தை டிபிஐ என்ற அலகில் சொல்வார்கள், 33 டிபிஎம் பூஸ்டரோடு 5 டிபிஐ ஆன்டெனா சேர்ந்தால் 38 டிபிஎம். இரண்டு வரம்பும் தாண்டிவிட்டது. பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பி வாங்கிய எனக்கு அன்றைக்கு இது தெரியாது.

ரௌட்டர் பக்கத்திலேயே வேகம் குறைந்துவிட்டது

சக்தியைக் கூட்டிய பிறகு தூரத்தில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஹாலில் முன்பு 300 வந்த இடத்தில் இப்போது 120 தான் வருகிறது என்பார்கள். மறுபடியும் அதே குழாய் ஸ்பீக்கர்தான். சத்தத்தை முழுசாகத் திருப்பிவிட்டால் பாட்டு தூரத்துக்குப் போகும், ஆனால் வார்த்தை கரகரவென்று உடையும் இல்லையா? வைஃபை 5 என்ற தலைமுறையில் ஒரு குறியீட்டில் 256 நிலைகள் வரை அடைக்கிறார்கள், அடுத்த தலைமுறையான வைஃபை 6இல் 1024. இவ்வளவு நெருக்கமான நிலைகளைப் பிரித்துப் படிக்க வேண்டுமென்றால் அலை சுத்தமாக இருக்க வேண்டும். மலிவான பெருக்கியை அதன் உச்சத்தில் ஓட்டினால் அலையின் தலை நசுங்கும், போன் படிக்க முடியாமல் திணறும், உடனே இரண்டு பேருமாகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடுவார்கள். நல்ல ரௌட்டர்களே அதிக வேகத்தில் அனுப்பும்போது தானாகச் சக்தியைக் குறைத்துக்கொள்வது இதனால்தான்.

செட்டிங்ஸில் டிரான்ஸ்மிட் பவர் என்று இருக்கும், அதை முழுசிலிருந்து நடுத்தரத்துக்கு மாற்றி, அதே இடத்தில் நின்று மறுபடி அளந்து பாருங்கள். சின்ன வீடாக இருந்தால் அதிலேயே சரியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் தூரத்துக்குப் போனால் வீடு முழுக்க மெதுவாகிறது

இதைப் பலர் கவனிப்பதில்லை. பூஸ்டர் இல்லாதபோது வாசலைத் தாண்டினால் போன் வைஃபையை விட்டுவிட்டு சிம் நெட்டுக்கு மாறிவிடும். பூஸ்டர் இருந்தால் ரௌட்டரின் குரல் கேட்டுக்கொண்டே இருப்பதால் போன் விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும், பேசுவதெல்லாம் மிகக் குறைந்த வேகத்தில். ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அந்த ஒருவர் இழுத்து இழுத்துப் பேசினால் மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். தொங்குகிற போனில் வைஃபையை அணைத்ததும் மற்றவர்களுக்கு வேகம் வந்தால் காரணம் தெரிந்துவிட்டது, ரௌட்டரின் சக்தியைக் குறையுங்கள்.

பெரிய ஆன்டெனா மாட்டியதும் மாடியில் சிக்னல் போய்விட்டது

ஆன்டெனா பூஸ்டர் மாதிரி இல்லை, இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூஸ்டர் புதிதாகச் சக்தியைச் சேர்க்கிறது. ஆன்டெனா இருக்கிற சக்தியைத்தான் ஒரு பக்கமாக ஒதுக்குகிறது, ஆனால் அனுப்பும்போது எவ்வளவு உதவுகிறதோ கேட்கும்போதும் அதே அளவு உதவுகிறது. பேசுவது, கேட்பது இரண்டும் கூடுவதால் எனக்கு எப்போதும் ஆன்டெனா மேல்தான் நம்பிக்கை அதிகம்.

ஆனால் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். நிமிர்த்தி வைத்த குச்சி ஆன்டெனாவைச் சுற்றி சிக்னல் ஒரு உளுந்து வடை வடிவத்தில் பரவுகிறது, குச்சி ஓட்டைக்குள் நிற்கிறது. நேர் மேலேயும் நேர் கீழேயும் சிக்னல் குறைவு. 5 டிபிஐ குச்சியை எடுத்துவிட்டு 9 டிபிஐ மாட்டினால் அந்த வடையைக் கையால் அமுக்கி அகலமாக்கியது மாதிரி, பக்கவாட்டில் தூரம் போகும், மாடியில் காலி. ஒற்றைத் தள நீள வீட்டுக்கு அது சரி. மாடி வீடு என்றால் கூடவே வந்த பழைய குச்சிகளையே மாட்டி, ஒன்றை நிமிர்த்தியும் இன்னொன்றைப் படுக்கைவாட்டில் சாய்த்தும் வையுங்கள், ரௌட்டரை மாடிப்படி திறப்புக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள்.

கல் வீட்டுக்குள் போனதும் நின்றுவிடுகிறது

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் பின் வீட்டுச் சுவர் ஒன்றரை முழத்துக்கு மேல் கனம், முழுக்கக் கருங்கல், மேலே கல் பலகை. இந்த மாதிரி ஒரு சுவரே 10 டிபிக்கு மேல் சாதாரணமாகத் தின்றுவிடும், 5 ஜிகாஹெர்ட்ஸ் இன்னும் மோசமாக அடிபடும். 10 டிபி என்றால் பத்து மடங்கு சக்தி. நீங்கள் காசு கொடுத்து வாங்கிக் கூட்டிய பத்து மடங்கையும் ஒரே சுவர் விழுங்கிவிடுகிறது, அடுத்த சுவருக்கு என்ன கொடுப்பீர்கள்? வெட்டவெளியிலேயே தூரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் சக்தி நான்கு மடங்காக வேண்டும்.

முதலில் காசில்லாத வேலையைச் செய்யுங்கள். பைபர் இழுக்க வருகிறவர் ஒயர் உள்ளே வருகிற ஓட்டைக்குப் பக்கத்திலேயே, அதாவது தெருவோரச் சுவரில் ரௌட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். பாதி சிக்னல் தெருவுக்குத்தான் போகும். நாலைந்து அடி உள்ளே, ஆள் தலைக்கு மேல் உயரத்தில் மாற்றுங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி இவற்றுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. எங்கள் அத்தை வீட்டில் டிவி ஸ்டாண்டுக்குள் இருந்த ரௌட்டரை எடுத்து நடை வாசலுக்கு மேலே வைத்ததில் மட்டும் படுக்கையறையில் மைனஸ் 78 இருந்தது மைனஸ் 66 ஆனது.

அதற்கும் அசையவில்லை என்றால் ஒயர்தான். ரௌட்டரிலிருந்து ஒரு கேட் 6 வகை லேன் கேபிளைப் பின்கட்டுக்கு இழுத்து, அங்கே ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வையுங்கள். பழைய ரௌட்டர் கிடந்தால் அதையே ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். கேபிள் 100 மீட்டர் வரை போகும். கடையில் கேட்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் நீளம் கூடினால் தொல்லை தரும். வெயில் படுகிற இடத்தில் வெளிப்புறத்துக்கென்று வருகிற கறுப்பு உறைக் கேபிள் போடுங்கள். தனித்தனிக் கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் இழுக்க நான் பயப்படுவேன், சித்திரை வைகாசி இடியில் பக்கத்தில் எங்காவது விழுந்தால் இரண்டு முனைப் பெட்டியும் கருகிவிடலாம். அந்த இடத்துக்கு இரும்புக் கம்பி சேராத பைபர் ஒயரும், இரண்டு முனையிலும் ஒளியை லேன் கேபிளுக்கு மாற்றித் தருகிற மீடியா கன்வெர்ட்டரும் போட்டுவிட்டால் நிம்மதி.

ரிப்பீட்டரில் கோடு நிறைய, வேகம் பாதிதான்

ரிப்பீட்டரை நெட் வராத அறையிலேயே மாட்டியிருப்பீர்கள். அதற்கே சரியாகக் கேட்காத இடத்தில் அது எதைத் திருப்பிச் சொல்லும்? உங்கள் போனில் தெரிகிற கோடு போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ளது, ரிப்பீட்டருக்கும் ரௌட்டருக்கும் இடையே உள்ளது அல்ல. முதலில் எழுதிவைத்த தாளை எடுங்கள், மைனஸ் 60 முதல் 67 வரை வருகிற இடம் எதுவோ அங்கே மாட்டுங்கள். அப்படியும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புகிற வகை என்றால் வேகம் பாதியாகத்தான் செய்யும், ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போகிறது. 5 ஜிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4இல் கொடுக்கிற மாதிரி அமைக்க முடிந்தால் கொஞ்சம் தேவலை. லேன் துளை இருந்தால் ஒயர் கொடுத்து ஆக்சஸ் பாயிண்டாக மாற்றுவதுதான் முழுத் தீர்வு. பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடுகிற மெஷ் வாங்கினாலும் இதே கணக்குதான்.

இரவு ஏழு மணிக்கு மேல் மட்டும் படுத்துவிடுகிறது

தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் ஒரு வீடு, பக்கத்து வீட்டுச் சுவரும் அதன் சுவரும் ஒட்டியே இருக்கும். ஆப்பில் பார்த்தால் பத்தொன்பது ரௌட்டர் தெரிந்தது. சிக்னலுக்கு அங்கே பஞ்சமே இல்லை, நெரிசல்தான். பகலில் நல்லாயிருந்து இரவில் மட்டும் மோசமானால் முதலில் கேபிளில் செருகிப் பாருங்கள், கேபிளிலும் மெதுவாக இருந்தால் குறை நெட் கொடுப்பவர் பக்கம்.

கேபிளில் சரியாக வந்தால், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்று சேனல் மட்டும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்கும், இவற்றில் எது காலியாக இருக்கிறதோ அதைப் போட்டு அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். 40 வைத்தால் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொள்ளும். டிவி, லேப்டாப், புது போன் எல்லாவற்றையும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், 2018க்குப் பிறகு நம் நாட்டில் அங்கே நிறைய சேனல்களைத் திறந்துவிட்டார்கள். இங்கே சக்தியைக் கூட்டவே கூட்டாதீர்கள். ஒரே சேனலில் இன்னொருவர் பேசுவது காதில் விழுந்தால் ரௌட்டர் நின்று காத்திருக்கும். நீங்கள் கூட்டினால் தள்ளி இருக்கிற இன்னும் நாலு வீடு உங்களுக்காகக் காத்திருக்கும், அவர்களும் கூட்டினால் நீங்கள் காத்திருப்பீர்கள்.

மோட்டார் போட்டதும் வைஃபை போய்விடுகிறது

இது சிக்னலே இல்லை. மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் இறங்கி ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. மோட்டார் போடும்போது ரௌட்டரின் விளக்குகள் அணைந்து மறுபடி எரிகிறதா என்று பாருங்கள், எரிந்தால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும்.

மோட்டார் கொட்டகையில் கேமரா வைக்க வேண்டும், தோப்பைத் தாண்டிப் போகவில்லை

எங்கள் வீட்டிலிருந்து கொட்டகை 150 மீட்டர், நடுவில் பெங்களூரா மாமரங்கள். இலையில் இருப்பது தண்ணீர், தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். மழை நின்ற உடனே நனைந்த இலையோடு பார்த்தால் இன்னும் மோசம். பூஸ்டர், பெரிய குச்சி இரண்டுமே இங்கே தோற்றன. வேலை செய்தது, ஒரு திசையில் மட்டும் பார்க்கிற 5 ஜிகாஹெர்ட்ஸ் வெளிப்புறக் கருவி ஜோடி. ஒன்றை வீட்டு மாடியிலும் இன்னொன்றை கொட்டகைமேல் ஒரு குழாய் நட்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, பாதி தூரத்தில் அந்தக் கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 1.4 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், அதனால் மர உச்சிக்கு மேலே நன்றாகத் தூக்குங்கள். காய்ப்பு முடிந்து கவாத்து செய்கிற நேரத்தில் மாட்டினால் இடம் நிறைய இருப்பது போலத் தெரியும், அடுத்த வருடம் தளிர் வந்து மறைத்துவிடும்.

போனில் டவரே இல்லை, அதற்கும் பூஸ்டர் வைக்கலாமா

அஞ்செட்டி, பென்னாகரம் மலைப் பக்கம் இருப்பவர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். வைஃபைக்கானது, மொபைல் டவருக்கானது இரண்டையும் கடையில் பூஸ்டர் என்றே சொல்லிக் கொடுப்பார்கள். மொபைல் சிக்னல் பூஸ்டரை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம், அது இயங்கினால் சுற்றியிருக்கிறவர்களுடைய போனுக்கும் இடைஞ்சல் வரலாம். வீட்டில் வைஃபை நன்றாக இருந்தால் போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை (டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும் வசதி) இயக்குங்கள், ஜியோவும் ஏர்டெல்லும் தனிக் கட்டணம் இல்லாமல் தருகின்றன. பேசும்போது குரல் விட்டு விட்டு வந்தால் மேலே போய் முதல் அறிகுறியிலிருந்து ஆரம்பியுங்கள்.